பினாயில் மணக்கும் ஓடை

கண்டியில் வாவியைப் பார்த்தபடி இருக்கிற ஹோட்டல் ஒன்றில் யாராவது ஒலிவாங்கி முன் நின்று 'சுற்றாடல் நல்லாட்சி' என்று சொன்னால் எனக்குக் குமட்டும். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அடிவயிற்றிலிருந்து ஏறி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன். உரைபெயர்ப்பு என் தொழில். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுகிறவர்களின் பேச்சை, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்ல வேண்டும். தமிழில் யாராவது வாய் திறந்தால் அதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். வாய் திறப்பவர்கள் குறைவு என்பதால் என் வேலை பெரும்பாலும் ஒருவழிப் பாதைதான்.

இந்தக் குமட்டல் பிறவியில் வந்ததல்ல. என் அக்கா இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது.

தோட்டம் கலஹாவுக்கு அப்பால். பேராதனையில் பஸ் ஏறி, கடைசியில் ஆட்டோ பிடித்து, அதற்குப் பிறகு கொஞ்சம் நடக்கவும் வேண்டும். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அக்காவுக்குத்தான் கரைச்சல். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயத்தில்தான். நான் படித்து, ஒரு கன்னியாஸ்திரியின் தயவில் கண்டிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். அக்கா அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே ஒரு மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

சில வருஷங்களுக்கு முன் கீழே இருக்கிற சின்ன டவுனின் பிரதேச சபைக்குக் குப்பை கொட்ட இடம் இல்லாமல் போனது. லயத்துக்கு மேலே, தேயிலை செத்துப்போன ஒரு பள்ளத்தைத் தோட்ட நிர்வாகம் காட்டிக் கொடுத்தது. தற்காலிகம் என்றார்கள். எங்கள் நாட்டில் தற்காலிகம் என்று தொடங்கிய எதுவும் கண்ணுக்கெட்டிய காலத்துக்குப் போகாது. முதலில் ஒரு டிராக்டர் வந்தது, பிறகு லொறி வந்தது. கோழிக்கடைக் குடல், மீன் செதில், கல்யாண மண்டபத்து லஞ்ச் ஷீட், சலூன் மயிர், ஊர்ப் பிள்ளைகளின் பெம்பர்ஸ் எல்லாம் வந்தன. மழை பெய்தால் அத்தனையும் ஊறி, கறுப்பாக ஒரு சாறு வடிகால் கானில் இறங்கும். கான் ஓடையில் சேரும், ஓடை தொட்டிக்குப் போகும், தொட்டியிலிருந்து குழாயில் லயத்துப் பீலிக்கு வரும். அந்தப் பீலியில்தான் எல்லோரும் அரிசி கழுவினார்கள்.

ஒருநாள் நான் பீலியில் வாளியை வைத்தபோது தண்ணீரோடு ஒரு கோழி இறகு வந்து விழுந்தது. அக்கா அதை இரண்டு விரலால் எடுத்து எறிந்துவிட்டு, முகம்கூடச் சுளிக்காமல் வாளியை மறுபடி வைத்தாள். இறகைவிட அவள் விரல்களின் பழக்கம்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. எத்தனை இறகு எடுத்தால் ஒருத்தியின் விரலுக்கு அந்தப் பழக்கம் வரும்?

நான் அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். சபையில் கேட்டால் காணி தோட்டத்துடையது என்றார்கள். தோட்டக் காரியாலயத்தில் கேட்டால் காணி அரசாங்கத்துடையது, எங்களிடம் இருப்பது குத்தகை, கொட்டுவது சபை என்றார்கள். சுற்றாடல் அலுவலகத்தில் சபைக்கு அனுமதி இருக்கிறதா என்று சபையிடமே கேட்கச் சொன்னார்கள். சுகாதாரப் பரிசோதகர், லயத்துத் தண்ணீர் தோட்ட நலன்புரிப் பிரிவின் பொறுப்பு என்றார். பொலிஸில் இருந்த சார்ஜன் நல்ல மனிதர். தேத்தண்ணி கொடுத்து, சபையோடு சண்டைக்குப் போனால் ஸ்டேஷன் குப்பையை யார் எடுப்பார்கள் என்று சிரித்தார். எல்லா இடத்திலும் முடிவில் ஒரே சிங்கள வாக்கியம்தான்: "அப்பிட்ட அயிதி நே." எங்களுக்குச் சேர்ந்ததில்லை. அந்தப் பள்ளத்தில் கிடந்த ஒரு பெம்பர்ஸுக்குக்கூட இந்த நாட்டில் சொந்தக்காரர் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. எத்தனையோ சட்டமூலங்களை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் ஏட்டில் சுரைக்காய் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்குகிறது. பறிக்கப் போனால்தான் கொடி யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

அந்த நாட்களில் வாவி ஹோட்டலில் ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். பண்பான கிழவர், நான் தொடரட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒரு நாட்டின் குப்பையைக் களவாகக் கப்பலேற்றி இன்னொரு நாட்டுக்கு அனுப்பினால், அனுப்பிய நாடு தன் செலவில் அதைத் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கு உலக ஒப்பந்தம் இருக்கிறது, எங்கள் நாடும் கையெழுத்து வைத்திருக்கிறது என்றார். திரையில் ஒரு கப்பலின் படம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். எல்லோரும் கைதட்டினார்கள், உரைபெயர்ப்புக் கூண்டுக்குள் இருந்த நானும் தட்டினேன். எனக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போய், பூசை முடிந்து வந்த அக்காவிடம் கதை கதையாகச் சொன்னேன். அக்கா மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ டவுன் குப்பைய டவுனுக்குத் திருப்பி அனுப்ப நமக்கு என்னா வேணும், தங்கச்சி? நடுவுல ஒரு கடல் வேணுமா?"

கடலைத் தாண்டினால் அது உலகப் பிரச்சினை, மந்திரி பேசுவார், பத்திரிகையில் வரும். டவுனிலிருந்து மலைக்கு ஏறினால் அது வெறும் லொறி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது கோயிலுக்கு மட்டுமான பழமொழி அல்ல.

அக்காவுக்கு அப்போது குப்பையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. குப்பையால்தான் அதுவும் வந்தது. அவள் மகள் கம்பளையில் புருஷன் வீட்டில் இருந்தாள், தலைப்பிள்ளை வயிற்றில். பிள்ளை பெற்றுக்கொள்ளத் தாய்வீட்டுக்கு வர வேண்டும், பிள்ளையை முதலில் தான்தான் குளிப்பாட்ட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மருமகனின் தாய் ஒரு தடவை லயத்துக்கு வந்து போனவள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே தேத்தண்ணி குடித்தாள். போன பிறகு சொல்லி அனுப்பினாள்: அந்த நாற்றத்துக்குள் எங்கள் பிள்ளையை அனுப்பமாட்டோம், அது நின்றால் பார்ப்போம். அன்றிலிருந்து குப்பை நிற்பது என்றால் அக்காவுக்கு மகள் வீட்டுக்கு வருவது. வேறு எந்த நல்லாட்சியும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

கண்டியில் ஒரு சட்டத்தரணி, கூலி வாங்காமல் உதவுவதாகச் சொன்னார். நீதவான் நீதிமன்றத்தில் போட வலுவான ஒரு சான்று வேண்டும், லயத்து ஆட்கள் குடிக்கிற தண்ணீர் கெட்டது என்று அரசாங்க ஆய்வுகூடமே சொல்ல வேண்டும் என்றார். மனுவுக்கு மேல் மனு எழுதி, ஒருவழியாக ஓர் அதிகாரியை அனுப்பித் தண்ணீர் எடுக்க ஆய்வுகூடத்தில் சம்மதித்தார்கள். ஒரு போத்தல் தண்ணீர்தான் எங்கள் வழக்கு. நான் அக்காவைக் கூப்பிட்டு, இன்ன நாள் கண்டியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லித் தெரிய என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அதிகாரியோடு ஜீப்பில் நானும் போனேன். சின்ன வயதுப் பெண், தமிழ் தெரியாது, சிங்களத்தில் அன்பாகப் பேசிக்கொண்டு வந்தாள். கடைசி வளைவில் திரும்பியதும் மூக்கில் ஒரு மணம் ஏறியது. எனக்குப் பழக்கமான நாற்றம் அல்ல, பினாயில். ஆஸ்பத்திரி வார்ட்டு மணம் மலை முழுக்க அடித்தது.

லயம் கூட்டித் தெளித்திருந்தது. கானின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. சிற்றாலயத்துக் கதிரைகள் வரிசையாகப் போட்டு, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் எல்லோரும் நல்ல உடுப்பில் நின்றார்கள், ஒரு தட்டில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அக்கா பெருநாள் சேலையில் நின்றாள். ஓடையைப் பார்த்தேன். அடியில் கல் தெரிந்தது.

விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. முந்தைய நாள் அக்கா வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டியிருக்கிறாள். ஆம்பிளைகள் கறுப்புத் தண்ணீர் வரும் கானை மண்மூட்டை போட்டு மறித்து, தேயிலை மலைக்குள் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பெண்கள் ஓடையில் இறங்கிப் பிளாஸ்டிக்கை எல்லாம் வாரி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குளோரின் தூளைக் கொட்டியிருக்கிறார்கள். பினாயில், அக்காவின் புருஷனான அத்தானின் யோசனை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள். இவர்கள் குரங்கைக் காட்டச் சொன்ன இடத்தில் பிள்ளையாரைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

நான் அதிகாரியிடம் சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன். இது நேற்றுக் கழுவியது, மேலே கானை மறித்திருக்கிறார்கள், ஏறி வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, வந்த நாளில் பீலியில் என்ன தண்ணீர் வருகிறதோ அதை எடுக்கத்தான் தனக்கு உத்தரவு என்றாள். குப்பைமேடு வேறு பிரிவாம். போத்தலை நிரப்பி, மூடி, ஒட்டுத்தாள் ஒட்டினாள். பிறகு எல்லோரும் அவளைக் கதிரையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். கீழே ரோட்டோரத்து ஊற்றிலிருந்து அவளுக்கென்று அத்தான் சுமந்து வந்த தண்ணீரில் போட்ட தேத்தண்ணி அது. அவள் சுற்றிப் பார்த்து, "ஹரி பிரிசிதுய்" என்றாள். மிகவும் துப்புரவாக இருக்கிறதாம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். அக்காவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்து எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

ஜீப் போன பிறகு அடுப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் அழுக்கைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அதைக் கழுவி வைத்தால் என்ன அர்த்தம், உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"வீட்டுக்கு வர்றவங்கள நாத்தத்துல உக்கார வைக்கச் சொல்றியா? அழுக்கா இருந்தா நம்மளத்தான் பேசுவாங்க. நீ டவுனுக்குப் போயிட்ட, ஒனக்கு மறந்துபோச்சு."

மறக்கவில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தோட்டத்தை நடத்துகிற துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் அப்படித்தான். லயம் கூட்டுகிற வாசக்கூட்டி விடியலிலேயே கானைக் கழுவுவார், அம்மா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை மெழுகுவார். யாருடைய வாசலில் அழுக்கு இருந்ததோ அவர்களுக்கு ஏச்சு. அழுக்கு எங்கிருந்து வந்தது என்று எந்தத் துரையும் கேட்டதில்லை. அந்தப் பயம் அக்காவின் எலும்பில் இருந்தது. எனக்குத் தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. பேராதனை வரைக்கும் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

அறிக்கை வந்தது. தண்ணீர் பாவனைக்கு ஏற்றது. சட்டத்தரணி கையை விரித்தார். மழை இல்லாத மாதங்களில் சபையின் பவுசர் லொறி தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கும், அதையும் நிறுத்திவிட்டார்கள். ஓடைத் தண்ணீர்தான் நல்லது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே. மண்மூட்டையை மழை அடித்துக்கொண்டு போய், கறுப்புச் சாறு பழையபடி தொட்டிக்கு இறங்கியது. மகள் கம்பளையிலேயே பிள்ளை பெற்றாள். அக்கா ஒரு பகல் போய்ப் பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டு விறாந்தையில் கொஞ்ச நேரம் பிள்ளையை மடியில் வைத்திருந்துவிட்டு வந்தாள். அங்கே குளிப்பாட்ட வேறு ஆட்கள் இருந்தார்கள்.

நான் விடவில்லை. மறுபடி மனு, மறுபடி கெஞ்சல், மறுபடி ஒரு நாள் கிடைத்தது. இந்த முறை நேரில் போய், லயத்து ஆட்கள் எல்லோரையும் கூட்டிவைத்து, கூட்ட ஒரு தும்புத்தடியைக்கூட எடுக்கக் கூடாது என்று சொன்னேன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சரி என்றார். அக்கா எழுந்து உள்ளே போனாள். அந்த நாள் வந்தபோது அவள் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

அன்று எல்லாம் எங்கள் ஆசைப்படியே இருந்தது. மழை பெய்து ஓய்ந்த காலை. ஓடை எண்ணெய் மினுமினுப்போடு ஓடியது. நாய்கள் இழுத்துவந்த பெம்பர்ஸ் பீலிக்குப் பக்கத்திலேயே வாயைப் பிளந்து கிடந்தது. ஈ மொய்த்தது. வந்த இரண்டு உத்தியோகத்தர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஒருவர் ஓரமாகப் போய்த் துப்பினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. குப்பையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவர்கள் போத்தலை நிரப்பினார்கள், படம் எடுத்தார்கள். ஒருவர் பெம்பர்ஸைக் காலால் காட்டி, லயத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள், ஆனால் இது மேலே இருந்து வந்தது, இங்கே யாருக்கும் பெம்பர்ஸ் வாங்க வசதியில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மேலே ஏறச் சொன்னேன், சறுக்கும் என்றார்.

இரண்டாவது அறிக்கையை நான் வேலை செய்த மண்டபத்தின் வெளிக்கதவருகே நின்று வாசித்தேன். தண்ணீர் கெட்டிருக்கிறது, மனித பாவனைக்கு உகந்ததல்ல என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் காரணம் எழுதியிருந்தார்கள். இதே இடத்தில் முன்பு எடுத்த தண்ணீர் சுத்தமாக இருந்தது. அப்போதும் குப்பைமேடு இருந்தது. ஆகவே குப்பைமேடு காரணம் அல்ல. குடியிருப்பாளர்கள் ஓடையோரத்தில் கழிவுகளை வீசுவதும் அவர்களின் சுகாதாரப் பழக்கங்களுமே காரணம். அவர்களுக்கு விழிப்புணர்வூட்டப் பரிந்துரைக்கப்படுகிறது.

அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். பிறகு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அக்கா கழுவியதும் குற்றம், கழுவாததும் குற்றம். அழுக்கா இருந்தா நம்மளத்தான் பேசுவாங்க என்று அவள் சொன்னதைச் சட்டத்தின் மொழியில் எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார்கள். செய்தி எப்படியோ கம்பளைக்கும் போனது. லயத்து ஆட்களே துப்புரவில்லாதவர்கள் என்று அரசாங்கம் எழுதிவிட்டது, பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம் என்று மருமகனின் தாய் முடித்துவிட்டாள். அக்கா அதற்குப் பிறகு பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசினால் கம்பளைப் பிள்ளை என்றுதான் சொன்னாள்.

விழிப்புணர்வுக் கூட்டம் மட்டும் தாமதம் இல்லாமல் வந்தது. ஏதோ வெளிநாட்டுத் திட்டத்தில் அதற்கென்று பணம் இருந்ததாம். உரைபெயர்க்க என்னைக் கேட்டார்கள். போகாமல் விட்டிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் அக்காவின் முகத்துக்கு நேரே நின்று அதைச் சொல்வதைவிட நானே சொல்கிறேன் என்று போனேன்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்கிற பிள்ளை மடுவத்தில் கூட்டம். பெண்கள் நிறைந்திருந்தார்கள், அரைநாள் சம்பளம் போகாது என்று சொல்லியிருந்தார்கள். மேலே பள்ளத்துக்கு லொறி ஏறும் சத்தம் கேட்டது. அது ஓயும்வரை பேச்சாளர் பொறுத்திருந்துவிட்டுத் தொடங்கினார். கண்ணியமான மனிதர், சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். கிருமி என்றால் என்ன என்றார். நான் சொன்னேன். குப்பையைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்றார். அதையும் சொன்னேன். சமைக்கும் முன், சாப்பிடும் முன், பிள்ளையைத் தூக்கும் முன் கையைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும் என்றார். இரண்டாவது வரிசையில் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

அக்கா எழும்பினாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"எந்தத் தண்ணியிலங்க சேர்?"

யாரும் சிரிக்கவில்லை. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். பேச்சாளர் திரையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னிடம், கேள்விகளைக் கடைசியில் எடுப்போம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அக்கா உட்கார்ந்தாள். கடைசியில் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கேள்விகளுக்கு நேரம் இருக்கவில்லை.

போகும் முன் ஆளுக்கு ஒரு சவர்க்காரக் கட்டி கொடுத்தார்கள். அக்காவின் முறை வந்தது. சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினாள். ரோஸ் நிறப் பெட்டியில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சேருக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிரு தங்கச்சி. இவ்வளவு தூரம் வந்தாங்கல்ல."

பேச்சாளர் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக் காத்திருந்தார். எவர் சொன்னாலும், எதைச் சொன்னாலும் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நான் கூலி வாங்குகிற வேலை. இத்தனை வருஷத்தில் ஒருவர் சொன்னதைக்கூட நான் விழுங்கியதில்லை.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.